தொடரில் வராத ஓடக்காரர்

வியாழக்கிழமை காலை கிளினிக்கைத் திறந்தபோது, பல் பார்க்கும் நாற்காலியில் ஓர் ஓடக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். மடியில் ஒரு மூங்கில் கழி. அதன் ஒரு முனை ஜன்னல் வழியாக வெளியே போய், ஈரோடு பேருந்து நிலையம் வரை நீண்டிருந்தது.

டாக்டர் சம்பூர்ணம் கைகழுவிவிட்டு வந்தாள்.

"எந்தப் பல்லுங்க?"

"பல்லெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. என்னை வெட்டிப்போட்டாங்க."

"எங்கே?"

"சீரியல்லதானுங்க."

சம்பூர்ணத்துக்குப் புரிந்தது. 'உப்பு மகுடம்' தொடரின் இரண்டாம் சீசன் போன வாரம்தான் வெளிவந்திருந்தது. ஐந்து பாகம் கொண்ட பெரிய மாயாஜால நாவல் அது. நாவலில், நாட்டை இழந்த இளவரசியை ஓர் ஓடக்காரர் ஆற்றைக் கடக்க வைப்பார். தொடரில் ஆறே இல்லை. இளவரசி ஒரு வெள்ளைப் பறவையின் முதுகில் ஏறிப் பறந்துபோனாள். பறவை மிக நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

தொடரிலிருந்து வெட்டப்பட்டவர்கள், தங்களை நினைவில் வைத்திருக்கும் யாராவது ஒருவரிடம்தான் போய்ச் சேரவேண்டும். அது ஊரில் வழக்கம்தான். எதிரே ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மாடியில் ஒரு மந்திரவாதி தன் சீடர்களோடு தங்கியிருந்தார். அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. பால் மட்டும் அடிக்கடி திரிந்துபோனது.

"எத்தனையோ பேரு புஸ்தகம் படிச்சிருக்காங்க," என்றார் ஓடக்காரர். "ஒருத்தருக்கும் என்னைத் தெரியலீங்க. பறவையை எங்கேன்னு கேக்கறாங்க. கழிதான் இந்தப் பக்கம் காட்டுச்சு."

சம்பூர்ணம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களை ஒரு தடவை பார்க்கணும்னு ரொம்ப வருஷமா நெனச்சுட்டிருந்தேனுங்க," என்றாள்.

"என்னையா?"

"உங்களைத்தான். அன்னிக்கு நீங்க சொன்ன ஒரு வார்த்தையிலதான் நான் தூங்குனேன்."

ஓடக்காரர் என்னவோ கேட்க வந்தார். அதற்குள் வரவேற்பில் இருக்கும் லோகாம்பாள் உள்ளே வந்தாள். அவளுக்கு வேறு முகம். சீசன் மாறும்போது நடிகையை மாற்றுவதுபோல, இரண்டாம் சீசனிலிருந்து அவளையும் மாற்றியிருந்தார்கள். குரல் அதே குரல், சேலை அதே சேலை. முதல் நாள் சம்பூர்ணம் கொஞ்சம் திகைத்தாள். அப்புறம் பழகிவிட்டது.

"டாக்டரம்மா, நாவலைச் சீரியலாக்கற தழுவல் துறையில இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. வராந்தாவுல தண்ணியும் வந்திருக்குது."

சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். நாலைந்து நாற்காலி மட்டுமே போடக்கூடிய வராந்தா இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் நிதானமாக ஓடியது. நோயாளிகள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு வாரப்பத்திரிகை படித்தார்கள். ஆற்றையும்தானே வெட்டினார்கள்? அதற்கும் போக ஓர் இடம் வேண்டும்.

அதிகாரி பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய உதடுகள் முதலில் அசைந்தன. அவை நின்றபிறகு, டப்பிங் படத்தில் வருவதுபோல, குரல் வந்தது.

"வணக்கம், பெண்ணே! நான் திருவேங்கடம். இந்த மனிதனை நாங்கள் அழைத்துச் செல்ல வந்திருக்கிறோம்."

"எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

உதடுகள் அசைந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இவனைக் குதிரை லாயக்காரனோடு இணைக்கப் போகிறோம். இரண்டு சிறிய பாத்திரங்களை ஒன்றாக்குவது எங்கள் வழக்கம். இனி ஒரே ஆள்!"

லாயக்காரனை சம்பூர்ணத்துக்குத் தெரியும். ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. குடித்துவிட்டு ஒவ்வொரு எபிசோடிலும் குதிரையிலிருந்து விழுவான். விழுந்து எழுந்து பாடுவான்.

ஓடக்காரரின் கை கழியை இறுக்கிப் பிடித்தது. "எனக்குக் குதிரைன்னாலே பயமுங்க," என்றார் மெதுவாக. "பாடவும் வராது."

"இதை நிறுத்த வழியே இல்லைங்களா?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

"உண்டு. நாவல் அறிந்த ஒருவர் இவனைப் பற்றிய மூன்று கேள்விகளுக்கு விடை சொன்னால், இவன் தனி ஆளாகவே இருக்கலாம். சம்மதமா?"

நாவலின் ஐந்து பாகங்களும் வரவேற்பறை அலமாரியில் இருந்தன. சம்பளம் வாங்கத் தொடங்கியதும் முதன்முதலில் அவள் வாங்கியவை. ஆனால் ஒருநாளும் பிரித்ததில்லை. முழுக்கதையையும் ஒருவர் வாசிக்கக் கேட்டிருந்தாள். மறுபடி படித்தால் கேட்டது கலைந்துவிடுமோ என்று ஒரு பயம்.

"சம்மதம்," என்றாள்.

அதிகாரி பையிலிருந்து தன்னுடைய பிரதியை எடுத்தார்.

"ஓடக்காரனின் பெயர் என்ன?"

"பேரு கிடையாது."

"உண்மை! ஆற்றைக் கடக்க அவன் வைத்திருந்தது துடுப்பா, கழியா?"

சம்பூர்ணம் ஓடக்காரரின் மடியைப் பார்த்தாள்.

"கழி."

"நீங்கள் பார்த்துச் சொல்கிறீர்கள்."

"பார்க்கக்கூடாதுன்னு சொல்லலையே?"

அதிகாரி யோசித்தார். அவருடைய யோசனையும் தாமதமாகத்தான் முகத்துக்கு வந்தது. "அதுவும் உண்மை! கடைசிக் கேள்வி. நடு ஆற்றில் இளவரசி பயந்து அழுதபோது, ஓடக்காரன் அவளிடம் என்ன சொன்னான்?"

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கேட்கமாட்டார்களா என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்ததுபோல இருந்தது.

"'கண்ணை மூடிக்க கண்ணு. தண்ணி அதுபாட்டுக்குப் போகும். நீ தூங்கு, நான் முழிச்சுட்டு இருக்கேன்.'"

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்து வரிவரியாகப் போனார். அவருடைய தலை இடமும் வலமும் ஆடியது. குரல் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லை. இளவரசி ஓடத்தில் ஏறுகிறாள். அழுகிறாள். மறுகரையில் இறங்குகிறாள். ஓடக்காரன் வாயே திறக்கவில்லை."

சம்பூர்ணம் ஓடக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்கதானே?"

"இல்லீங்க. எனக்கு வசனமே குடுக்கலீங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

அதிகாரிக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. "பெண்ணே, இளைய இளவரசன் என்ன ஆனான்?"

"காய்ச்சல் நல்லாகி, மலையடிவாரத்துல ஆட்டுப்பட்டி போட்டான். பக்ரீத் வந்தப்போ ஒரு ஆட்டையும் தரமாட்டேன்னு அழுதான்."

"இரண்டாம் பாகத்தில் அவன் இறந்துவிட்டான். அந்த நாட்டில் பக்ரீத்தே கிடையாது. அரசி?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா."

"விஷம் குடித்தாள்!"

"கசாயம்."

அதிகாரி நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இது எந்தப் பதிப்பு?" என்று அவருடைய குரல் நெடுநேரம் கழித்துக் கேட்டது.

சம்பூர்ணத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்தது. பல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் வருஷம், ஆய்வகத்தில் ஒரு குடுவை வெடித்து அமிலம் முகத்தில் தெறித்தது. கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பார்வை வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் போத்தனூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஜைத்தூன் அக்கா. அவருக்கு ஒரு கண்ணில் மட்டும் கட்டு. மிச்சமிருந்த கண்ணால் அவர்தான் அந்த நாவலை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

சில இடங்களில் அக்கா சட்டென்று நிறுத்துவார். என்னங்க்கா என்றால், எழுத்து மங்கலா இருக்கு, இரு கண்ணு என்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த வரி வரும். அந்த இடங்களில் யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள் என்று சம்பூர்ணத்துக்கு இப்போதுதான் தெரிந்தது. அக்கா ஒருவரையும் சாகவிடவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. ஜைத்தூன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதன்பின் அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் இந்த ஓடக்காரருக்குத்தான்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நடந்ததை அதிகாரியிடம் சொன்னாள்.

அதிகாரி எழுந்தார். "அந்த வசனம் நூலிலும் இல்லை. திரையிலும் இல்லை. ஓர் அம்மாளின் வாயில் இருந்திருக்கிறது. அது எங்கள் எல்லைக்குள் வராது."

"அப்போ இவரு?"

"இவர் அந்த அம்மாளின் ஓடக்காரர். எங்களுக்கு வேண்டியவன் வாய் திறக்காதவன். அவன் வேறெங்கோ இருக்கவேண்டும்."

நாற்காலிக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகு அறைக்குள், "நன்றி, வணக்கம்!" என்று கேட்டது.

ஓடக்காரர் நாற்காலியை விட்டு இறங்கினார். இறங்கியதும் கழி அவருடைய உயரத்துக்குச் சுருங்கியது.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்," என்றார்.

அவள் சொன்னாள். அவர் அதை மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, தன் வாயில் போட்டுப் பார்த்தார். முடித்ததும் கண் கலங்கிவிட்டது.

"நல்ல வசனமுங்க. எனக்குப் பொருந்துதுங்களா?"

"உங்களுக்குன்னே சொன்னதுங்க."

"அப்போ எங்கே போகணும், சொல்லுங்க. கொண்டுபோய் விடறேன்."

"ஜைத்தூன் அக்காகிட்ட."

ஓடம் வராந்தாவில் கைகழுவும் குழாயில் கட்டியிருந்தது. சம்பூர்ணம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

"டாக்டரம்மா, வந்திருக்கறவங்களை என்ன பண்றது?" என்றாள் லோகாம்பாள்.

"நீயே பார்த்து அனுப்பு."

"எனக்குப் பல்லு புடுங்கத் தெரியாதுங்களே."

"அடுத்த சீசன் வரட்டும். தெரியலாம்."

லோகாம்பாள் அதை ஒப்புக்கொண்டாள்.

ஓடம் கிளம்பியது. இரண்டு பக்கமும் வக்கீல் அலுவலகமும் டியூஷன் சென்டரும் வந்தன. அப்புறம் மஞ்சள் மண்டிகள் வந்தன. தண்ணீர் கொஞ்ச தூரம் மஞ்சளாக ஓடியது. தொடரிலிருந்து வெட்டப்பட்ட ஒரு படை கரையில் வரிசையாக நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் அவர்களைத் தொழில் முறையில் கவனித்தாள். மேலும் கீழுமாகத் துலக்காமல் பக்கவாட்டில் தேய்த்தார்கள்.

நடு ஆற்றில் ஓடக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னார். இந்த முறை ஒரு தடங்கலும் இல்லை.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க," என்றாள் சம்பூர்ணம். "ஆனா இன்னிக்கு நானும் முழிச்சுட்டே வர்றேனுங்க."

"சரிங்க," என்றார் அவர். இருவரும் விழித்திருந்தார்கள்.

கண் ஆஸ்பத்திரி வார்டின் வாசல்படியில் ஓடம் தட்டி நின்றது. உள்ளே இருபுறமும் கட்டில்கள். ஒரு கட்டிலில் இளைய இளவரசன் ஆடுகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தான். இன்னொன்றில் அரசி கசாயத்தை ஊதி ஊதிக் குடித்தாள். நடுவே ஸ்டூலில், ஒரு கண்ணில் கட்டோடு, மடியில் புத்தகத்தோடு, ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலை வைத்து சம்பூர்ணம் ஒரு முகத்தை நினைத்திருந்தாள். பெரிய உருவம், அகன்ற நெற்றி. இவர் ஒல்லியாக, குள்ளமாக, ஏதோ கோபத்தில் இருப்பவர்போல இருந்தார். தப்பான ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், வேறு எந்த முகமும் இந்தக் குரலுக்குச் சேராது என்று தெரிந்தது.

"அக்கா."

"யாரு? பக்கத்துக் கட்டில் புள்ளையா?"

"ஆமாங்க்கா. சம்பூர்ணம்."

"கட்டு அவுத்தாச்சா?"

"அவுத்து ரொம்ப வருஷமாச்சுங்க்கா. நல்லாத் தெரியுது. பல் டாக்டரா இருக்கேன்."

"பல்லா?" ஜைத்தூன் அக்கா கொஞ்சம் ஏமாந்ததுபோல இருந்தது. "சரி, அதுவும் வேணுமே."

"அக்கா, நீங்க படிச்சதெல்லாம் புஸ்தகத்துல இல்லைங்களாமே."

"இல்லைதான்."

"அப்புறம் ஏனுங்க்கா?"

"அதுல பக்கத்துக்குப் பக்கம் சாவு. நீ ஏற்கெனவே தலகாணி நனைய அழுதுட்டிருந்தே. கட்டு நனைஞ்சா கண்ணு போயிரும்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போச்சு. நான் வேற என்ன பண்ணட்டும்?"

ஓடக்காரரிடம் சொல்வதற்காக சம்பூர்ணம் பல வருஷமாக நிறைய வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. நன்றி என்ற சொல்தான் வந்தது. அதை மேடையில் சொல்வார்களே தவிர, அவர்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் நேருக்கு நேர் சொல்வதில்லை. இருந்தாலும் சொன்னாள்.

"நன்றிங்க்கா."

கூட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துக் கட்டிலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அட, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே?" ஜைத்தூன் அக்கா அவள் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சுத்தமா இருக்கு," என்றார். அவருடைய ஒற்றைக் கண் நிறைந்து வழிந்தது. "வந்தது வந்தே. எனக்குக் கண்ணு ஓஞ்சுபோச்சு. நீ கொஞ்சம் வாசி."

புத்தகம் கை மாறியது. ஐந்தாம் பாகம். அக்கா ஸ்டூலை விட்டு எழுந்து காலியாக இருந்த கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். ஓடக்காரர் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலருகே குந்தி உட்கார்ந்தார்.

சம்பூர்ணம் பக்கத்தைப் பிரித்தாள். விடியற்காலையில் போர் தொடங்கியது என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே சாகப்போகிறவர்களின் பெயர்கள் தொடங்கி, பக்கம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அவள் நிமிர்ந்தாள். அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோரும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு அவள் வாசித்தாள்.

"விடியற்காலையிலிருந்து நல்ல மழை. அதனால் அன்றைக்குப் போர் நடக்கவில்லை."

வார்டு முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது. கடைசிக் கட்டிலிலிருந்து எதிரி நாட்டுத் தளபதி கையைத் தூக்கினார்.

"மழை எப்போங்க விட்டுச்சு?"

"விடவே இல்லீங்க," என்று சொல்லிவிட்டு, சம்பூர்ணம் பக்கத்தைத் திருப்பினாள்.