மொரிசாகியைத் துடைத்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலை மொரிசாகியின் விமானத்தைத் துடைத்துவிட்டேன்.

மொரிசாகி ஜப்பானியக் கடற்படையின் போர் விமானி. எண்பது ஆண்டுகளுக்கு முன் பசிபிக் தீவொன்றிலிருந்து பறந்தவன். அவனுடைய பறப்புப் பதிவேடு முழுவதும் என் கணவர் உருத்திரமூர்த்திக்கு மனப்பாடம். எந்தத் திகதியில் எதைச் சுட்டு வீழ்த்தினான், எந்த வாரம் மலேரியாவில் படுத்தான், எல்லாம் சொல்வார். என் பிறந்தநாளைத் தொலைபேசிதான் அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

அந்த விமானத்தை முழங்கை நீளத்துக்குப் பிளாஸ்டிக்கில் செய்திருந்தார். அன்று பிற்பகல் சுவிஸின் ஆரா நகரில் மாதிரி விமானப் போட்டி. போன ஆண்டு நடுவர், "நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருக்கிறது" என்று தள்ளிவிட்டார். அதனால் இம்முறை நான்கு மாதம் உட்கார்ந்து தூரிகையால் அழுக்குப் பூசினார். இறக்கையில் புகைக்கரி, சக்கரத்தில் புழுதி, வயிற்றில் எண்ணெய் ஒழுகல்.

நான் ஷ்லீரன் நகரில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவள். அழுக்கைக் கண்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் குளிக்கப் போகும்வரை காத்திருந்தது கை அல்ல. கை தவறித் துடைக்கிறவர்கள் கால் மணித்தியாலம் துடைப்பதுமில்லை. செத்துப்போன ஒருவன்மேல் எனக்குப் பொறாமை என்று, துணி கறுத்த பிறகுதான் தெரிந்தது.

வாலில், வீழ்த்திய விமானங்களுக்காக ஒன்பது அடையாளங்கள் இருந்தன. ஏழு மிஞ்சின.

குளியலறைக் கதவைத் தட்டினேன். "இஞ்சேருங்கோ, உங்கட பிளேனைத் துடைச்சுப்போட்டன்."

தலையில் நுரையோடு வந்தார். "எவ்வளவைத் துடைச்சனீர்?"

"எல்லாத்தையும்."

"நாலு மாசம் பத்மினி! அமெரிக்காக்காரனுக்கே ஏலாததைக் கால் மணித்தியாலத்தில செய்துபோட்டீர்."

"வாலில ரெண்டு அடையாளமும் போயிட்டுது."

"ரெண்டோ?"

வாலை எண்ணினார். கத்துவார் என்று நின்றேன். அவர் பதிவேட்டின் பிரதியை எடுத்து, ஈரக் கையால் பக்கம் புரட்டினார்.

"ஒன்பது எண்டது செப்டம்பர்க் கணக்கு. ஏழு எண்டா ஜூன். இஞ்ச பாரும், ஜூன் பன்ரண்டு! தளபதி பாக்க வாறார் எண்டு பிளேனை முழுக்கக் கழுவினவங்கள்!"

"அப்ப கொண்டு போகலாமோ?"

"பிளேனுக்கு முன்னால வைக்கிற அட்டையில திகதியை மாத்தினாச் சரி. நீர் அந்த நுனியிலயும் கொஞ்சம் துடையும், தளபதி கண்டிடுவார்."

ஆராவில் அதே நடுவர் குனிந்து பார்த்து முகம் சுளித்தார். இவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நடுவர் வாசித்தார், மறுபடி குனிந்தார், வாலில் ஏழையும் விரல் வைத்து எண்ணினார். மூன்றாம் பரிசு.

பரிசுச் சீட்டை மாட்டப் போனபோதுதான் அட்டையைக் கவனித்தேன். விமானி, திகதி, தளம் என்பவற்றின் கீழே, பேனாவால் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார். துப்புரவு: பத்மினி.

பொறாமை தணிந்தது. முழுவதும் என்று சொல்லமாட்டேன். அவன் பெயர் என்னுடையதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.