முதல் உள்ளிப்பல்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஊரெல்லாம் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ளே ஒடுங்குகிற நேரம், நான் மண்வெட்டியோடு வெளியே நிற்பேன். வரும் கோடைக்கு உள்ளிப்பூண்டு வேண்டுமென்றால் இப்போதே ஊன்ற வேண்டும். கத்தரிக்கும் பயிற்றைக்கும் இப்போதே மண்ணுக்குத் தீனி போட்டு மூடி வைக்க வேண்டும். லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது நாலு பாய் விரிக்கிற அளவு நிலம்தான். என்னைக் கேட்டால் அது பெரிய தோட்டம்.

ஆனால் மூன்று வருஷமாக அதில் ஒன்றும் உருப்படவில்லை. கத்தரி பூக்காமலே செத்தது. பயிற்றை மஞ்சளாகி விழுந்தது. "சிவகௌரி, உமக்குக் கைராசி இல்லையப்பா" என்று என் கணவர் கிருஷ்ணராசா சொல்லத் தொடங்கினார். முதலில் சிரித்துப் பகிடியாக, பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முன்னாலும். இந்த வருஷம் ஒரு படி மேலே போய், லண்டனின் மறுபக்கம் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற தன் தங்கை ஆரணியை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிவிட்டார்.

"அவள் கை வைச்சால் பட்ட தடியும் தளிர்க்கும். முதல் உள்ளிப்பல்லை அவள் ஊண்டட்டும்."

நான் கொத்திய மண்ணில் முதல் கை இன்னொருத்தியுடையதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணைப் பொன்னாக்கிக் காட்டி, அந்த முதல் பல்லை நானே ஊன்றுவதென்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை மீன்கடை பெனடிக்ற் அண்ணையிடம் ஒரு வாளி மீன் தலையும் குடலும் வாங்கினேன். வாழைக்கும் முருங்கைக்கும் எங்கள் ஆட்கள் போடுகிற பசளை அல்லவா!

"கவனம் தங்கச்சி, ஆழமாத் தாட்டுவிடும்," என்றார்.

"ஓம் அண்ணை," என்று பறந்து வந்தேன். ஆழமாக எங்கே புதைப்பது? மண்வெட்டி ஒரு சாணுக்குக் கீழே போனால்தானே! லண்டன் களிமண் அப்படித்தான் இறுகிக் கிடக்கும் என்று என் கணவர் எப்போதும் சொல்லுவார். ஒரு சாணிலேயே மீனைப் பரப்பி, எருவும் சருகும் போட்டு, கார்ட்போர்டால் மூடினேன். அழகாக இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் போய் நின்று பார்த்தேன்.

லண்டனில் நரி வரும் என்பதை இந்த மரமண்டை மறந்துவிட்டது.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால், ஐயோ! கார்ட்போர்ட் வேலியோரம் கிடந்தது. மீனில் ஒரு முள்ளும் மிச்சமில்லை. மண் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தது. ஆரணி பதினொரு மணிக்கு வந்துவிடுவாள். அழுகையும் ஆத்திரமுமாகக் குனிந்தபோது, நரி பிராண்டிய குழிக்குள் ஏதோ நீலமாகத் தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன். நீலப்பூப் போட்ட டைல். பக்கத்தில் இன்னொன்று. கீழே செங்கல், சீமெந்துக் கட்டி.

அந்தப் பூவை எனக்குத் தெரியாதா? நான் நாள்தோறும் நின்று சமைத்த எங்கள் பழைய குசினிச் சுவர்! மூன்று வருஷத்துக்கு முன், நான் கலியாணம் ஒன்றுக்காக ரொறொன்ரோ போயிருந்த மாதம் இவர் குசினியை இடித்துக் கட்டுவித்தார். திரும்பி வந்தபோது பின்வளவில் புதுப் புல் போட்டிருந்தது. அந்தப் புல்லைக் கொத்தித்தான் தோட்டம் செய்தேன்.

"இஞ்சேருங்கோ!" தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அரைத் தூக்கத்தில் ஓடிவந்தவர் டைலைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"குசினி இடிச்ச கல்லெல்லாம் எங்க போனது?"

"அது... கல்லு ஏத்துற ஸ்கிப் தொட்டி வாடகைக்கு எடுக்க அலுப்பு, பஞ்சியாக் கிடந்தது. வேலைக்கு வந்தவங்களிட்டைச் சொல்லி இதுக்குள்ளயே... சத்தியமா மறந்துபோனனப்பா."

"மூண்டு வருசம்! கல்லுக்கு மேல பயிர் வைக்க விட்டுட்டு, என்ர கையைக் குறை சொன்னனீங்கள்!"

திட்டத் திறந்த வாயில் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். என் கையில் பிழையில்லை! துள்ள வேண்டும் போலிருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்தார்.

ஆரணி உள்ளிப் பையோடு வந்தபோது, அண்ணன்காரன் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்று செங்கல் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூலை மட்டும் கல் எடுத்து, மண் நிரப்பித் தயாராக இருந்தது.

"அண்ணை, முதல் பல்லை எங்க ஊண்டுறது?"

அவர் நிமிரவில்லை. "சிவகௌரிதான் ஊண்டுவா. அவவின்ர கை நல்ல கை. கல்லைத் தாட்டது நான்தான்."

ஆரணி என்னைப் பார்த்தாள், பிறகு குழியைப் பார்த்தாள். பையை என்னிடம் நீட்டினாள். நான் ஒரு பல்லைப் பிரித்தெடுத்தேன். குந்தியிருந்து முதலில் மண்ணுக்குள் மற்றக் கையை விட்டுப் பார்த்தேன். கல்லில் முட்டாமல் மணிக்கட்டையும் தாண்டி இறங்கியது.