உலைக்கு வேலைநிறுத்தம் இல்லை

மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. உலை வெப்பமானியின் முள் ஆயிரத்து நானூறு டிகிரியில் நின்றது. விலெம் ஷிமெக் கையுறையைக் கழற்றிவிட்டு, அறிக்கைத் தாளை இன்னொரு முறை வாசித்தார். ஒரே கட்சி ஆட்சிக்கு எதிராக, பிராகில் தொடங்கி நாடு முழுவதும் இன்று இரண்டு மணி நேரம் வேலைநிறுத்தம். கண்ணாடித் தொழிற்சாலை முற்றத்தில் அவர்தான் வாசிக்க வேண்டும் என்று எல்லாரும் கைதூக்கி முடிவு செய்திருந்தார்கள்.

அறுபத்தெட்டில் நாட்டுக்குள் வந்த சோவியத் டாங்கிகளைச் ‘சகோதர உதவி’ என்று ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட மறுத்தவர் அவர். தலைமைப் பொறியாளராக இருந்தவரை உலை வேலைக்கு இறக்கினார்கள். கையெழுத்துப் போட்ட வோன்ட்ரா அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபது வருடமாகிறது.

உலையை மட்டும் நிறுத்த முடியாது. ஆறினால் கண்ணாடி இறுகி உலையே விரிசல் விட்டுவிடும். இன்னொரு உலைக்காரர் காய்ச்சலில் படுத்திருந்ததால், அந்த இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள வோன்ட்ராவே ஒப்புக்கொண்டிருந்தார்.

பெட்டி கட்டும் பிரிவிலிருந்து லிபுஷா வந்தாள். “கிளம்புங்க விலெம். தலையைச் சீவிக்குங்க.”

“சீவ என்னம்மா மிச்சம் இருக்கு?”

போராட்டக்காரர்கள் குத்திக்கொள்ளும் மூவர்ண ரிப்பனைக் கோட்டில் குத்திக்கொண்டு வோன்ட்ரா வந்தார். வந்ததும் ஒரு வால்வைத் திருப்பினார். தீ புகைந்தது, முள் சரிந்தது.

“அது காத்து. கேஸ் இந்தப் பக்கம்,” என்று விலெம் பாய்ந்து திருப்பினார்.

“இந்தப் பக்கம்தானே இருந்துச்சு?”

“மாத்திப் பதினோரு வருஷம் ஆச்சு.”

சங்கு ஊதியது. தாளை லிபுஷாவிடம் தந்துவிட்டு, விலெம் மறுபடி கையுறையை மாட்டினார். வோன்ட்ரா கையை நீட்டினார். “தாளைக் குடுங்க. மைக்குல பேசி எனக்குப் பழக்கம்.”

“ஆமா, மே தினத்துக்கு மே தினம் எங்களைத் தூங்க வெச்ச பழக்கம்,” என்றாள் லிபுஷா.

“குடும்மா. சேதிதான் முக்கியம். வாய் யாருதா இருந்தா என்ன,” என்றார் விலெம். மனதாரத்தான் சொன்னார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. “தோழர்களே…” முற்றம் முழுக்க விசில், சிரிப்பு. “மன்னிக்கணும். குடிமக்களே…” சிரிப்பு கைதட்டலாக மாறியது. ஆட்சியைக் கிளம்பச் சொல்லி நூற்றுக்கணக்கான சாவிக்கொத்துகள் குலுங்கின. உலையடியில் தனியாக நின்ற விலெமும் சிரித்தார். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இனி இவர்களை யாரும் அடக்க முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

இரண்டு மணிக்கு லிபுஷா வந்து அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். “போராட்டத்துக்குப் புதுக் கமிட்டி போட்டாங்க. மைக்கைப் பிடிச்சவரையே தலைவராக்கிட்டாங்க. உங்க பேரைக் கத்தினேன், யாரு காதுலயும் விழல.”

பின்னாலேயே வோன்ட்ரா வந்தார். இருபது வருடத்தில் முதல் முறையாக ‘ஐயா’ என்றார்.

“ஷிமெக் ஐயா, நாளைக்கும் கூட்டம் இருக்கு. நீங்க இங்கேயே பாத்துக்குங்க. உங்களை விட்டா உலை யாருக்குத் தெரியும்?”

வெக்கை தாங்காமல், இரண்டடி தள்ளி நின்றுதான் அதைச் சொன்னார்.