கப்பலின் சீட்டு

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் சீசாப் பகுதியில், எங்கள் கட்டடத்தில் யார் எந்த ஊர், எந்தக் குறிச்சி என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. மூன்றாம் மாடிக் குகனேஸ்வரி மட்டும் பதினெட்டு வருடமாகத் “திருகோணமலைப் பக்கம்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவரின் மகள் துசானி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பழங்குடி மக்களின் கலைப்பொருள்களை ஆராய்ந்து, பாதுகாத்து, காட்சிக்கு வைக்கிற படிப்பாம். “அதைப் படிச்சு எங்கை பிள்ளை வேலை?” என்று படிக்கட்டில் காணும்போதெல்லாம் கேட்பேன். சிரித்துவிட்டுப் போவாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து அவர்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். துசானி போனில் ஒரு படம் காட்டினாள். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கிடந்த, முழ நீள மரக் கப்பல். “இலங்கை. சிறுவர் விளையாட்டுச் சாமான்” என்று அதில் பழைய சீட்டு.

“விளையாட்டுச் சாமானோ? அது எங்கட சடங்குக் கப்பல்” என்றார் குகனேஸ்வரி.

சொன்ன பிறகுதான் நான் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

“எங்கட எண்டால் ஆருடைய அம்மா?” துசானிதான் கேட்டாள். நான் முந்தவில்லை.

குகனேஸ்வரி துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தார். “வாகரைக் கடற்கரை. நாங்கள் வேடர், பிள்ளை.”

மகளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சீட்டை மாற்றலாம், ஆனால் விளக்கம் சொன்னவரின் பெயரும் சமூகமும் அதில் இருக்கவேண்டும் என்றாள் துசானி. இல்லாவிட்டால் விளையாட்டுச் சாமானாகவே பெட்டிக்குள் திரும்பிப் போகும்.

“போட்டால், உனக்குச் சம்பந்தம் பேச வாற சனம் வாசிக்கும்.” சனம் என்றபோது என்னைத்தான் பார்த்தார். பிழை சொல்ல முடியாது. அந்தக் கதையில் பாதி என் வாயால்தான் போகும்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றேன்.

“நீங்களோ, யோசப்பீன் அன்ரி?” என்றாள் துசானி. இருவரும் சிரித்தார்கள். எனக்கு அது அவ்வளவு நல்லாக இருக்கவில்லை.

“விடுங்கோ அம்மா. பெட்டிக்குள்ளையே கிடக்கட்டும்.”

குகனேஸ்வரி துடைத்த துணியை மடித்து வைத்தார். “இவ்வளவு காலம் கிடந்தது காணாதே? எழுது. முழுப் பேரையும் எழுது.”

கண்காட்சிக்குக் குகனேஸ்வரி, தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டு வந்தார். நானும் போனேன், போகாமல் இருப்பேனா? கப்பலுக்கு முன்னால், பக்கத்துத் தெருவில் இருக்கிற எங்கள் ஆள் சந்திரமதி சீட்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“இது உங்கடை கட்டடத்துக் குகனேஸ்வரியோ? என்னவாம் கதை?”

எல்லாத்தையும் சொல்ல வாய் உளைந்தது.

“அவ அந்தா நிக்கிறா. அவவையே கேளும்.”

சந்திரமதி போய்க் கேட்டார். இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். நான் கிட்டப் போகவில்லை.