வெறும் வயிறு

எடை மெஷினைக் கண்டாலே எனக்குக் கை கால் ஓடாது. உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைக் கழுவுவது என் வேலை. இரும்பு வடத்தில் தொங்கும் தொட்டிலில் நானும் என் நாத்தனாரும் ஏறுவோம். ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் தாங்கும் என்று தொட்டிலுக்கு ஒரு கணக்கு உண்டு. என் எடை கூடக் கூட வாளியில் தண்ணீரைக் குறைத்தோம். இப்போது அரை வாளிக்கு வந்து நிற்கிறது. அதை வைத்துக் கண்ணாடி கழுவுவது எச்சில் தொட்டுத் துடைப்பது மாதிரிதான்.

"வாயைக் கட்டுங்கக்கா," என்றார் சூப்பர்வைசர். "திங்கக்கிழமையும் குறையலன்னா கீழ வராந்தா துடைக்கப் போயிடுங்க. நான் என்ன பண்ண முடியும்?"

கட்டாமலா இருக்கிறேன்? பசியில் கண் இருட்டுகிறது. உட்கார்ந்தால் தின்னத் தோன்றுமோ என்று வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். டாக்டரம்மா தைராய்டு என்று சொல்லி மாத்திரை கொடுத்து மாதக்கணக்காகிறது. முடி கொட்டுகிறது, வெயிலிலும் பாதம் சில்லிடுகிறது. அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? எல்லோருக்கும் கண் என் இடுப்பில்தான். பிஸ்கட் டப்பாவை நாத்தனார் திறந்து திறந்து பார்ப்பதும் எனக்குத் தெரியும். அதைவிடக் கொடுமை, எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "தூக்கத்துல எழுந்து எதையாவது திங்கறேனா, கொஞ்சம் பாருங்களேன்," என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் போனேன். நாத்தனாரும் ஒட்டிக்கொண்டு வந்தாள், வேவு பார்க்கத்தான். புது ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"மாத்திரையை வெறும் வயித்துலதானே போடுறீங்க?"

"சத்தியமா டாக்டர். பச்சைத் தண்ணி பல்லுல படாது."

"ஆமா டாக்டர்," நாத்தனார் முந்திக்கொண்டாள். "ஒரு நாள்கூடத் தவறல. எழுந்ததும் டீயையும் மாத்திரையையும் நான்தான் கையில குடுக்கறேன்."

"பால் டீயா?"

"நல்லா கெட்டிப் பால்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் எப்படிம்மா அது வெறும் வயிறு?"

"டீ சாப்பாடு இல்லையே!" என்றோம் இருவரும் ஒரே குரலில். எங்கள் வீட்டில் டீ என்றைக்குமே சாப்பாட்டுக் கணக்கில் வந்ததில்லை.

"பாலும் டீயும் மாத்திரையை உடம்புல சரியா சேரவிடாது. தண்ணியில போடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு டீ குடிங்க. போகப்போகக் களைப்பு குறையும், எடையும் கொஞ்சம் இறங்கும். எல்லாமே இறங்கிடும்னு சொல்லமாட்டேன். ஆனா பட்டினி கிடக்காதீங்க. இது தின்னு ஏத்தின உடம்பு இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். நாத்தனார் மெதுவாக, "நீங்க ஒளிச்சுவச்சுத் திங்கறீங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட நான்தான் சொன்னேன் அண்ணி," என்றாள்.

ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கை பரபரத்தது. "நாளையிலேருந்து டீயை லேட்டா போடு," என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை எடை மெஷின் முள் அதே இடத்தில்தான் நின்றது. நாத்தனார் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். "அவங்க ஒண்ணும் திங்கல. நான் சொன்னது பொய்."

"சரிம்மா, நம்பறேன்," என்றார் சூப்பர்வைசர். "ஆனா வடத்துக்கு இதெல்லாம் புரியாதே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. "என் இடத்தை வேற யாருக்கும் நிரந்தரமாக் குடுத்துடாதீங்க," என்றேன். "பாக்கலாம்," என்றார். என் இடத்தில் ஒரு ஒல்லிப் பையன் ஏறினான். வாளி நிறையத் தண்ணீர் போனது.

மதியம் வாசல் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடி முட்ட நிரப்பி எடுத்து வந்திருந்தேன். மேலே, ரொம்ப மேலே, நாத்தனார் தொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துத் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணீ! சாப்ட்டீங்களா?"

போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசரும் பார்த்தார்.

வாய் நிறையக் கவளத்தோடு நானும் கத்தினேன். "சாப்ட்டுக்கிட்டே இருக்கேன்!"