எண்பது கஜம்

அந்தப் பீப்பாயை நான் மறந்தேனா, இல்லை மழையில் திரும்ப உருட்டச் சோம்பல்பட்டேனா என்பது இப்போது எனக்கே நிச்சயமில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். சொல்லிச் சொல்லி அதுவே ஞாபகம்போல ஆகிவிட்டது.

என் அக்கா ஹில்டாவின் கணவன் வில்ஃப், யார்க்‌ஷயரில் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். எட்டு மைல் ஓடிப்போவான், எட்டு மைல் ஓடித் திரும்புவான். அவனுடைய பனியன்கள் கணப்பின் முன் பன்னிரண்டு வருடம் தொங்கின. ஒன்றுகூட முழுதாகக் காய்ந்ததில்லை என்பாள் அக்கா. அந்த வருடம் அவனுக்கு முப்பத்தைந்து. எங்கள் ஓட்டக்காரர் கிளப்பின் மாரத்தானை இரண்டு மணி பதினெட்டு நிமிடத்துக்குள் முடித்தால் இங்கிலாந்து அணியில் இடம் என்று தேர்வுக் குழு எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வயது விடாது.

மேட்டுச் சாலையில் ஒரு மைல்கல்வரை போய், அங்கிருக்கும் எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். பீப்பாய்க்குக் காவல் நான். பந்தயத்தன்று ஒரு விவசாயி டிராக்டரில் வந்து, வழியை மறிக்கிறது என்று கத்தினான். ஊர்ப்பக்கமாக நாற்பது கஜம் உருட்டினேன். அவன் போன பிறகும் அது அங்கேயே நின்றது. எல்லோரும் அதைச் சுற்றித் திரும்பினார்கள்.

வில்ஃப் முடித்தது இரண்டு மணி, பதினேழு நிமிடம், ஐம்பத்திரண்டு நொடி. அக்கா நடுச்சாலையில் அழுதாள்.

அன்று மாலை எங்களோடு வறுத்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வில்ஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஆல்பர்ட், பீப்பாய் எங்கடா நின்னுச்சு?"

"மைல்கல் கிட்டத்தான்."

"திரும்பறப்போ கல்லு என் கண்ணுல படலயே."

"முன்னாடி ஓடறவனுக்கு கல்லு என்ன, கழுதை நின்னாலும் தெரியாது," என்றாள் அக்கா. "மீன் ஆறிப்போகுது, தின்னு."

மறுநாள் அவன் சைக்கிளில் போய், புல்லில் பீப்பாய் பதிந்திருந்த வட்டத்தைக் கண்டுபிடித்து, மைல்கல்லிலிருந்து அதன் தூரத்தை அளந்துவிட்டு வந்தான். போக நாற்பது, வர நாற்பது. எண்பது கஜம் குறைவு. அவன் வேகத்துக்குப் பதினாலு நொடி.

"அப்போ உன் நேரம் என்ன?" என்று கேட்டாள் அக்கா.

"ரெண்டு பதினெட்டு, ஆறு நொடி."

"ஆறு நொடி. என் மூக்கைச் சிந்தறதுக்கே அதைவிட அதிகம் ஆகும். நீ வாயை மூடிட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"அது மாரத்தான் இல்ல, ஹில்டா."

"பின்ன என்ன, சவ ஊர்வலமா?"

அன்றிரவே தேர்வுக் குழுவுக்கு எழுதிவிட்டான். விஷயம் தெரிந்ததும் கிளப் செயலாளர் ஹாய்ல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார். "முப்பது பேர் நேரத்தையும் சேர்த்துப் புதைச்சிட்டியேப்பா. உன்னை எவன் கேட்டான்?"

குழுவிலிருந்து பதில் வந்தது, எனக்கு. பீப்பாய் எங்கே நின்றது என்று அங்கே காவல் நின்றவர் கையெழுத்திட்டுச் சொன்னால் அதுவே முடிவு.

அக்கா பேனாவை என் விரல்களுக்குள் திணித்தாள். "மைல்கல் கிட்டன்னு எழுது. நீ பண்ணின கூத்துதானே, நீயே சரிபண்ணு." வில்ஃப் கணப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம், பொய் சொல்லாதே என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. மைல்கல் அருகே என்று நான் எழுதினாலும் அவன் அணிக்குப் போக மாட்டான், அப்புறம் என்னோடு பேசவும் மாட்டான் என்று தெரிந்தது. நாற்பது கஜம் முன்னால் என்று எழுதினேன்.

பந்தயம் ரத்தானது. அணிக்குப் போனது வேறொருவன். வில்ஃப் அறுபத்தெட்டு வயதுவரை ஓடினான், எழுபத்தொன்றில் இருதயம் நின்று இறந்தான். ஹாய்ல் கிளப்பை விட்டுப் புல்வெளியில் பந்துருட்டி விளையாடும் சங்கத்தில் சேர்ந்தார். அக்கா கடற்கரை ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாள், மீன் தொடுவதில்லை. நான் அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்திலும் காவல் நிற்கவில்லை.