கார்முகில் கட்டணமும் கடைசிப் படகும்

விலைப்பட்டியல் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் கிளவுட் கம்பெனிக்காரர்களின் விலைப்பட்டியல் என்றால் கேட்கவே வேண்டாம். தரவை உள்ளே கொண்டுவர இலவசம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். வெளியே எடுத்தால் காசு என்பதைப் பத்துப் பக்கம் தள்ளிப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பார்கள். அதனால் கார்முகில் என்ற புதிய கிளவுட் சேவையை ஆராய்ந்து சொல்லும்படி ஜெப்ஸி கேட்டபோது, குறை கண்டுபிடிக்கிற வேலைதானே என்று சந்தோஷமாகவே உட்கார்ந்தேன்.

ஜெப்ஸி நாசரேத்துக்காரி. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். அவள் முதலாளி, சிவனணைந்தபெருமாள் ஆகிய நான் சர்வர் பார்க்கிறவன், அவ்வளவுதான் கம்பெனி. விசைப்படகுகள் கடலில் எங்கே இருக்கின்றன என்பதைச் செல்போனில் காட்டும் பக்கம் ஒன்றைப் படகு உரிமையாளர் சங்கத்துக்காக நடத்துகிறோம். ஐப்பசியில் காற்று கிளம்பிய ஒரு நாள் அந்தப் பக்கம் படுத்துவிட்டது. பெண்கள் மழையில் துறைமுக வாசலில் போய் நின்றார்கள். மறுநாள் சங்கச் செயலாளர் கிளைட்டன் அண்ணாச்சி மாடிக்கே ஏறி வந்தார்.

"காத்து இல்லாத அன்னைக்கு ஒங்க பக்கம் ஜோரா ஓடுது. அன்னைக்கு எங்களுக்கு எதுக்கு அது? இன்னொரு மட்டம் நின்னுச்சுன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்" என்றார்.

எங்களுக்கு இருப்பது அந்த ஒரே ஒப்பந்தம். அது போனால் ஜெப்ஸி கதவைச் சாத்திவிட்டு நாசரேத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அதுவரை பக்கம் ஓடிய பழைய கம்பெனியில் எங்களுக்கு ஒரே ஒரு சர்வர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தாலும் அதே மாத வாடகை. கூட்டம் முட்டி மோதினாலும் அதே ஒற்றைச் சர்வர். கார்முகிலில் ஓடுகிற நேரத்துக்கு மட்டும் காசு. எங்கள் ஊரில் அறுவடை மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போமே, அந்த மாதிரி. கூட்டம் வந்தால் அதுவே சர்வரைக் கூட்டிக்கொள்ளும், கூட்டம் கலைந்தால் அதுவே குறைத்துக்கொள்ளும். சரி, வெளியே போகும் தரவில்தான் கத்தி வைத்திருப்பான் என்று தேடினேன். அந்த விலை முதல் பக்கத்திலேயே இருந்தது, மற்ற எழுத்தின் அளவிலேயே, ரூபாயில், வரியும் சேர்த்து. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நிஜ மனிதர் எடுத்தார், அதுவும் தமிழில் பேசினார். திட்டுவதற்கு ஒன்றும் சிக்காமல் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

செலவுக்குப் பயந்தவர்கள் இத்தனை சர்வருக்கு மேல் போகாதே என்று ஒரு உச்சவரம்பும் வைக்கலாம். நான் பயந்தவன். இருநூற்று நாற்பது படகு, அவை அனுப்பும் இருப்பிடம், பார்க்கிற படகு முதலாளிமார் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, இரண்டு சர்வர் என்று வரம்பு வைத்துப் பக்கத்தைக் கார்முகிலுக்கு மாற்றினேன்.

"ரெண்டு போதுமாண்ணே?" என்று கேட்டாள் ஜெப்ஸி.

"தாராளம். சோதிச்சுப் பாத்தாச்சு."

கிளைட்டன் அண்ணாச்சிக்குப் பெயர்தான் பிடிக்கவில்லை. "கார்முகிலாம்லா! அதப் பாத்தாலே எங்களுக்கு வயித்தக் கலக்கும்" என்றார்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை மதியம் காற்று மாறியது. கரைக்குத் திரும்பச் சொல்லி எல்லாப் படகுகளுக்கும் தகவல் போனது. சற்று நேரத்துக்கெல்லாம் என் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறி, இரண்டு சர்வரும் சிவப்பாயின. பக்கம் திறக்காமல் சுற்ற ஆரம்பித்தது.

கிளைட்டன் அண்ணாச்சி போனில் வந்தார். "ஏலே பெருமாளு, எந்தம்பி கிங்ஸ்டன்தான் எங்க படக ஓட்டிக்கிட்டு வாரான். எங்கன வாரான்னு தெரியல. பக்கம் சுத்திக்கிட்டே கெடக்கு."

ஜெப்ஸி பக்கம் திரும்பினேன். "ஜெப்ஸி, இருநூத்தி நாப்பது படகுக்கு எங்கேருந்து இவ்வளவு பேரு வாராங்க?"

"படகா பாக்கு? வீடுல்லாண்ணே பாக்கு! ஒரு படகுல எட்டுப் பேரு. ஆளுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு நாலு போனு. வரம்பத் தூக்குங்க மொதல்ல."

நெல் விளைகிற ஊர்க்காரன் புத்தி எனக்கு. வயலுக்குப் போனவர் திரும்புவாரா என்று எங்கள் ஊரில் யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. படகை எண்ணினேனே தவிர, வீட்டை எண்ணத் தோன்றவில்லை.

அதற்குள் கார்முகிலே செய்தி அனுப்பியிருந்தது: நீங்கள் வைத்த வரம்பை எட்டிவிட்டீர்கள், உயர்த்தினால் மணிக்கு இவ்வளவு கூடும். கீழே ஒரு பொத்தான். அழுத்தினேன். மூன்று, ஐந்து, ஒன்பது என்று சர்வர்கள் எழுந்து வந்தன. நான் நெற்றி வியர்வையைத் துடைப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டது. எத்தனையோ கம்பெனியின் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

"தம்பி தெரியுதான்" என்றார் அண்ணாச்சி. ஆனால் போனை வைக்கவில்லை.

படகுகள் ஒவ்வொன்றாக அலைதடுப்புச் சுவர் தாண்டி உள்ளே வந்தன. முக்கால்வாசி வந்துவிட்டன, இனிக் கூட்டம் குறையும், வரம்பைப் பழையபடி இறக்கிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று மவுஸில் கை வைத்தேன்.

"கோட்டப் பாருங்கண்ணே" என்றாள் ஜெப்ஸி.

கோடு இறங்கவே இல்லை. இன்னும் ஒரே ஒரு படகு வர வேண்டியிருந்தபோது கோடு முன்னைவிட உயரத்தில் நின்றது. அது கிங்ஸ்டன் ஓட்டி வரும் படகு. திரையில் அதன் புள்ளி நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரையேறியவர்கள் ஈரச் சட்டையோடு துறையிலேயே நின்று செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போக ஒருவரும் கிளம்பவில்லை. போனில் அண்ணாச்சியின் மூச்சு மட்டும் கேட்டது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

விளக்கு ஏற்றுகிற வேளையில் அந்தப் புள்ளி சுவரைத் தாண்டியது. கீழே பெரிய கூச்சல். கோடு மளமளவென்று சரிந்தது. ஒன்பது சர்வரை ஐந்தாக்கி, ஐந்தை ஒன்றாக்கி, யாரும் சொல்லாமலே கார்முகில் ஓய்ந்தது.

மறுநாள் வந்த கட்டணத்தைப் பார்த்து ஜெப்ஸி இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் நல்ல ஓட்டலில் சாப்பிட்டால் ஆகிற செலவுகூட வரவில்லை. வரம்பு வேண்டாம் என்று என் அறிக்கையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கிளைட்டன் அண்ணாச்சி மாடியேறி வந்தார். ஒப்பந்தத்தைப் பற்றி இனிப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றார்.

"நேத்து கடைசில, எங்க படகு மட்டும் வெளிய கெடந்துச்சுல்லா, அப்ப எத்தன பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு அதுல தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. ஏழாயிரத்துச் சொச்சம் போனு."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல ஏழு பேருதானலே இருக்கோம்" என்றார்.